நுளம்பைப் பறக்கமுன் மறித்தல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியிலிருந்து அக்கராயன் பக்கமாக உள்ளே போனால் வருகிற கிராமங்களில் ஒன்று எங்களுடையது. மாதர் சங்கத்தில் ஆறு பேரும் விளையாட்டுக் கழகப் பொடியன்கள் நாலு பேருமாக, மூன்று மாரியாய் வீடு வீடாகப் போய் நுளம்புக் குடம்பி, அதாவது பறக்கமுன் தண்ணீரில் நெளிகிற நுளம்புப் புழு, தேடுகிறோம். படலை திறக்கிறவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதிவிட்டேன். நான் வைத்தியர் இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் சைக்கிள் உழக்கித் திரிந்து தெரிந்துகொண்டவையும், எங்கள் கையால் செய்து பார்த்தவையும்தான் இதில் இருக்கின்றன.

மருந்துப் புகை அடித்தால் நுளம்பு செத்துப்போகும்தானே, பிறகேன் தண்ணீருக்குள் புழு தேடுகிறீர்கள்?

புகை, அது போகிற நேரத்தில் அதில் மாட்டுகிற நுளம்பைத்தான் கொல்லும். டெங்கு நுளம்பு வெளியில் கூட்டமாகப் பறந்து திரிகிற வகை இல்லை. அலுமாரிக்குப் பின்னால், கொடியில் தொங்கும் சேட்டுக்குள், கட்டிலுக்குக் கீழே என்று இருட்டில் குந்தியிருக்கும். வாசலில் புகை வர நாங்கள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். நுளம்பும் எங்களோடு சேர்ந்து உள்ளே இருக்கும். கொஞ்ச நேரத்தில் புகை கலைந்துவிடும். தொட்டிக்குள் நெளிந்துகொண்டிருந்தவைக்கு ஒன்றும் நடந்திராது. நாளைக்கோ நாளையின்றைக்கோ செட்டை முளைத்து வெளியே வரும்.

புகையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வீட்டில் டெங்கு நோயாளி இருந்தால், அவரைக் கடித்து வைரசை ஏற்றிக்கொண்ட நுளம்பு அக்கம்பக்கத்தில் இருக்கும். அதை உடனே கொல்லப் புகை உதவும். நோயாளி ஒருவரும் இல்லாத ஊரில் "எங்களுக்கும் ஒருக்கா அடிச்சு விடுங்கோ" என்று கேட்பது மருந்தோடு டீசலையும் காற்றில் விடுகிற வேலை.

குடம்பி அப்படி இல்லை. அது இருக்கிற பாத்திரத்தை விட்டு ஓட முடியாது. எங்கே இருக்கிறது என்று கண்டுவிட்டால் கவிழ்க்கலாம், வடிக்கலாம், மருந்து போடலாம். நூறு நுளம்பை வளவு முழுக்கத் துரத்துவதற்குப் பதிலாக ஒரு சிரட்டையைக் காலால் தட்டிவிட்டால் வேலை முடிந்தது.

எங்கள் தொட்டியில் நெளிவது நுளம்புப் புழுவா, வேறு ஏதுமா?

ஒரு பெரியம்மாவின் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தபோது அவர் சொன்னது: "உது மழைப்புழு தம்பி. தண்ணி நல்லதெண்டால்தான் உது வரும்." பாதி உண்மை. டெங்கு நுளம்பு ஓரளவு தெளிந்த தண்ணீரைத்தான் விரும்பும். ஆனால் அது மழையோடு விழுந்த புழு இல்லை.

வெள்ளைக் கோப்பை ஒன்றில் அந்தத் தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் வைத்துக் காட்டினோம். அள்ளுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தாலே எல்லாம் அடிக்கு ஓடிவிடும். ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்செடுக்கத் திரும்ப மேலே வரும், அப்போதுதான் அள்ள வேண்டும். கோப்பைக்குள் பார்த்தால், தலை கீழாகவும் வால் பக்கம் மேலாகவும் தொங்கிக்கொண்டு வாலில் உள்ள குழாயால் காற்றை எடுக்கும். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் குடம்பியும் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் குடம்பியும் இப்படித்தான் தொங்கும். ஈடிசின் குழாய் கட்டை, கியூலெக்சின் குழாய் நீளம். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குடம்பிக்கு அந்தக் குழாயே இல்லை, தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். இவற்றுக்கு நடுவே காற்புள்ளி மாதிரி வளைந்து, தொட்டால் உருண்டு ஓடுகிறது கூட்டுப்புழு, குடம்பிக்கும் நுளம்புக்கும் இடைப்பட்ட பருவம். அது தீனே தின்னாது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்திருங்கள், மருந்துப் பகுதியில் திரும்ப வரும்.

பெரியம்மா கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் பேரனைக் கூப்பிட்டுத் தொட்டியின் அடைப்பைக் கழற்றச் சொன்னார்.

எத்தனை நாளில் பறக்கும்?

எங்கள் வெயிலில் முட்டை பொரிக்க ஒன்றிரண்டு நாள், குடம்பியாக ஐந்தாறு நாள், கூட்டுப்புழுவாக ஒன்றிரண்டு நாள். முழுதுக்கும் ஏழிலிருந்து பத்து நாள். ஆகவே கிழமைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் ஒன்றும் பறக்காது. பத்து நாளைக்கு ஒருமுறை என்றால் பிந்திவிடும்.

கிழமைக்கு ஒருமுறை என்பதை மறக்காமல் இருக்க நாங்கள் வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டோம். விளக்கேற்ற முன் வீடு வாசல் கழுவுவது எப்படியும் நடக்கிறது. அதோடு தொட்டி, வாளி, பூச்சாடித் தட்டு, கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டி எல்லாவற்றையும் சேர்த்துவிட்டோம். வேதக்காரர் (கிறிஸ்தவர்) வீடுகளில் சனிக்கிழமை பின்னேரம்.

ஒன்று கவனிக்க வேண்டும். கொட்டினால் மட்டும் காணாது, உள் சுவரைத் தேய்க்கவும் வேண்டும். டெங்கு நுளம்பு தண்ணீரில் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். அந்த முட்டை தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், சாகாது. தண்ணீர் திரும்ப ஏறி நனைந்தால் பொரிக்கும். தென்னம் பொச்சால் நன்றாக உரஞ்சிக் கழுவினால் போய்விடும்.

இதனால்தான் புரட்டாதி மாதத் துப்புரவு எங்களுக்கு முக்கியம். சித்திரையிலிருந்து காய்ந்து கிடந்த பரலிலும் ரயரிலும் போன மாரியில் ஒட்டிய முட்டை இருக்கும். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்தவுடன் எல்லாம் ஒன்றாகப் பொரிக்கும். மழை தொடங்கிய பிறகு சிரமதானம் வைப்பவர்கள் ஒரு மாதம் பிந்தித்தான் தொடங்குகிறார்கள்.

குளமும் வயலும் நிறைந்த ஊரில் சிரட்டையைக் கவிழ்த்து என்ன வந்தது? அங்கேதானே நுளம்பு கூட?

இதுதான் ஆட்கள் அதிகம் கேட்பது, நியாயமான கேள்வியும்கூட. இரணைமடுவையோ அக்கராயன் குளத்தையோ பார்த்துவிட்டு ஒரு யோகட் கோப்பையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் நுளம்பு எல்லாம் ஒன்றில்லை. டெங்கு நுளம்பு குளத்திலோ வயலிலோ பெருகாது. பெரும்பாலும் மனிதர் வைத்த பாத்திரம்தான் அதற்குத் தொட்டில். பெரும்பாலும் நூறு, இருநூறு மீற்றருக்குள்தான் பறக்கும். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் கூப்பிடு தூரம். உங்களைப் பகலில் கடிக்கிற வெள்ளைப் புள்ளி நுளம்பு உங்கள் வளவில் பிறந்தது, இல்லாவிட்டால் நீங்கள் கூப்பிட்டால் கேட்கிற ஒரு வளவில் பிறந்தது. குளத்தைக் குறை சொல்ல முடியாது.

குளத்து நடுவிலும் நுளம்பு பெருகாது. அலை அடிக்கும், மீன் இருக்கும். பெருகுவது கரையோரப் புல்லுக்குள்ளும், மாடு இறங்கி ஏறிய இடத்தில் பதிந்த குளம்படிகளிலும்தான். குளத்தில் இல்லை, குளம்படியில். வாய்க்கால் மறித்த பிறகு அங்கங்கே கட்டுப்பட்டு நிற்கும் தண்ணீரும் அப்படித்தான். 1934-35 இல் இலங்கையில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மலேரியா, வெள்ளத்தால் வந்ததில்லை. மழை பொய்த்து ஆறுகள் வற்றி, படுக்கையில் சின்னச் சின்னக் குட்டைகள் நின்றன. அனோபிலிஸ் அதில் பெருகியது. ஓடுகிற தண்ணீரைவிட நிற்கிற தண்ணீருக்குத்தான் பயப்பட வேண்டும்.

வயலில் பெருகும் கியூலெக்ஸ் வகை மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியது. அதற்குப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். வயல் முழுக்க மருந்து தெளிக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். தண்ணீரை இடைக்கிடை வடித்துக் காயவிட்டுப் பாய்ச்சுகிற விவசாயிகளின் வயலில் குடம்பி குறையும், தண்ணீரும் மிச்சம்.

வளவில் எங்கே எங்கே பார்க்க வேண்டும்?

எல்லாரும் ரயர், சிரட்டை, பூச்சாடி என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் தவறவிட்டுத் தவறவிட்டுக் கண்ட இடங்களைச் சொல்கிறேன்.

மலசலகூடத்துக்குள் இருக்கிற சின்னச் சீமெந்துத் தொட்டி முதலிடம். வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடுகளில் பலதில் இது இருக்கிறது. தினமும் அள்ளுகிறோம், நிரப்புகிறோம், ஆனால் அடித் தண்ணீர் மாதக்கணக்கில் வெளியேறாது. உள்ளே இருட்டும் ஈரமும் வேறு. நுளம்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்தது தறப்பாள். விறகை, சீமெந்தை, நெல்லு மூட்டையை மூடிவிட்டு மேலே கல் வைப்போம். கல் வைத்த இடம் குழியும், குழியில் ஒரு செம்புத் தண்ணீர் நிற்கும். கூரைப் பீலியில் பாலைச் சருகு அடைத்தால் ஏணி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வேலிக்குப் போட்ட இரும்புக் குழாய்களின் மேல்வாய் திறந்திருந்தால் ஒவ்வொன்றும் ஒரு குவளை. மணல் போட்டு நிரப்பிவிடலாம். கட்டி முடியாத வீட்டின் அத்திவாரக் கிடங்கு, கல் அரியப் பறித்த குழி, மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டி, பழைய வள்ளம், அறுவடை இயந்திரத்தின் கழற்றி வைத்த பாகங்கள், கோயில் வீதியில் திருவிழாவோடு கிடக்கும் பிளாஸ்ரிக் கோப்பைகள். பள்ளிக்கூடத்தையும் மறக்கக்கூடாது. மார்கழி விடுமுறையும் மாரியும் ஒன்றாக வரும். மலசலகூடத்து வாளிகள் நிறைந்தபடி கிடக்க, தையில் பிள்ளைகள் திரும்பி வரும்போது நுளம்பு காத்திருக்கும். விடுமுறைக்கு மூடுகிற அன்று வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இன்னொன்று வன்னிக்கே உரியது. போர்க்காலத்துப் பழைய பங்கர்க் கிடங்குகள், ஆளில்லாத உடைந்த வீடுகள், பற்றைக்குள் கிடக்கும் இரும்புகள். பங்கர்க் கிடங்கு மூடுபட்டு நிரவப்பட்டிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மாரி முழுக்கத் தண்ணீர்தான். ஆனால் பற்றைக்குள் இருக்கிற எந்த இரும்பையும் தண்ணீர் கொட்டுகிறேன் என்று கையால் தொட வேண்டாம், பிள்ளைகளை அங்கே அனுப்பவும் வேண்டாம்; அது வெடிக்காமல் கிடக்கிற குண்டாக இருக்கலாம். அடையாளம் வைத்துவிட்டு கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். ஒரு குடம்பிக்காகக் கையைக் கொடுக்கத் தேவையில்லை.

ஆவணியில் பவுசர்த் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறோம். சேர்த்த தண்ணீரைக் கொட்டச் சொல்கிறீர்களா?

இல்லை. வாய் வராது. கோடையில் ஒரு பரல் தண்ணீரின் விலை எங்களுக்குத் தெரியும்.

சேமித்த தண்ணீருக்கு மூடிதான் மருந்து. மூடி என்றால் மேலே சாத்தி வைத்த தகரம் இல்லை. விளிம்பில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் நுளம்பு போய்வரும், அதற்கு இருட்டு வீடும் கட்டிக்கொடுத்த மாதிரி. பழைய நுளம்பு வலைத் துண்டு அல்லது மெல்லிய சீலையைப் பரல் வாயில் போட்டு, சைக்கிள் ரியூப்பை வெட்டி எடுத்த வளையத்தால் இறுக்குங்கள். பவுசர்க் குழாயைச் சீலைக்கு மேலேயே பிடிக்கலாம். மழைநீர்த் தாங்கிக்குத் தண்ணீர் வரும் வாயிலும் மிஞ்சி வழியும் குழாயிலும் வலை வேண்டும். வழியும் குழாயை எல்லாரும் மறப்பார்கள்.

ஏற்கெனவே குடம்பி வந்துவிட்டதா? சீலையால் வடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றி, வெறும் பரலைத் தேய்த்துக் கழுவி, திரும்ப ஊற்றுங்கள். சீலையை வெயிலில் வெறும் நிலத்தில் உதறுங்கள், வாழைப் பாத்தித் தண்ணீருக்குள் அல்ல.

மருந்து மருந்து என்கிறீர்கள். என்ன மருந்து?

கவிழ்க்கவும் முடியாது, மூடவும் முடியாது என்கிற தண்ணீருக்குத்தான் மருந்து. இதை அழுத்திச் சொல்லக் காரணம், மருந்து தந்தவுடன் மற்ற வேலை எல்லாவற்றையும் விட்டுவிடுகிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறது.

நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருப்பது டெமிபோஸ். அபேற் என்று சொன்னால் பழைய ஆட்களுக்குத் தெரியும். நூற்றுக்கு ஒரு வீதம் மருந்து ஏற்றிய மணல் மாதிரிக் குறுணி. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராம் மருந்து என்பது கணக்கு. அதாவது பத்து லீற்றருக்கு ஒரு கிராம் குறுணி. 200 லீற்றர்ப் பரலுக்கு 20 கிராம், 1000 லீற்றர்த் தாங்கிக்கு 100 கிராம். தாங்கி பாதிதான் நிறைந்திருந்தாலும் முழுக் கொள்ளளவுக்குத்தான் போட வேண்டும், நாளைக்கு நிரப்புவீர்கள். அடிக்கடி அள்ளாத தாங்கியில் இரண்டு மூன்று மாதம் நிற்கும். அள்ளி நிரப்பிக் கழுவிக்கொண்டிருந்தால் அவ்வளவு நாள் நிற்காது.

இரண்டாவது பி.ரி.ஐ. என்கிற பற்றீரியா. 1976 இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், நுளம்புக் குடம்பிகள் செத்து மிதந்த ஒரு குட்டையில் கண்டுபிடித்தார்கள். 2010 இல் இங்கே கியூபாவிலிருந்து அதைத் தருவித்தபோது பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. இது தொட்டால் கொல்கிற நஞ்சில்லை. குடம்பி அதைத் தின்ன வேண்டும். தின்றால் அதன் குடலுக்குள்ளே புரதப் படிகம் கரைந்து குடலை ஓட்டையாக்கும், ஒரு நாளைக்குள் சாகும். மீன், தவளை, தும்பி, கோழி, மனிதர் யாருடைய குடலிலும் அது வேலை செய்யாது. குறை என்னவென்றால் வெயிலிலும் அழுக்குத் தண்ணீரிலும் சீக்கிரம் கெட்டுவிடும். ஒன்று இரண்டு கிழமைக்குள் திரும்பப் போட வேண்டும்.

மூன்றாவது வகை, குடம்பியைக் கொல்லாமல் நுளம்பாக மாறவிடாமல் தடுப்பது. பைரிபுரொக்சிபென் அந்த வகை. போட்ட பிறகும் புழு நெளிந்துகொண்டே இருக்கும், ஆட்கள் "கள்ள மருந்து" என்று திட்டுவார்கள். ஆனால் கூட்டுப்புழு உடைந்து ஒன்றும் வெளியே வராது.

இவற்றில் எதை எப்போது போடுவது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைதான் முடிவெடுக்க வேண்டும். ஒரே மருந்தை வருடக்கணக்கில் போட்டால் நுளம்பு பழகிவிடும். கடையில் தாமாக வாங்கிப் போடுவதும், வயலுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிகொல்லியை வாய்க்காலில் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். பின்னதைச் செய்த ஒருவரின் வளவில் அடுத்த நாள் செத்துக் கிடந்தது ஏழு தாராக்குஞ்சு. நுளம்பு அன்றிரவும் கடித்தது.

குடிக்கிற தண்ணீரில் மருந்தா? வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயைப் பார்த்த பிறகுமா?

பயம் எங்களுக்கும் இருக்கிறது. அந்த நோயின் காரணம் முழுதாகப் பிடிபடாத நிலையில் தண்ணீரில் எதையும் கலக்க ஆட்கள் பின்வாங்குவதைப் பிழை என்று சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் டெமிபோஸ், பி.ரி.ஐ., பைரிபுரொக்சிபென் மூன்றையும் சரியான அளவில் குடிதண்ணீரில் பாவிக்கலாம் என்று ஏற்றிருக்கிறது. அந்த "சரியான அளவு" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு நல்லது என்று நினைக்கிற வீட்டில் நாங்கள் மருந்துப் பையைக் கொடுத்துவிட்டு வருவதில்லை, நாங்களே நிறுத்துப் போடுகிறோம்.

ஆனால் எங்கள் வழக்கம் இது: குடிக்கிற, சமைக்கிற தண்ணீருக்கு மூடியும் வலையும் மட்டும். குளிக்கிற, கழுவுகிற தொட்டிக்கு வேண்டுமானால் மருந்து. இரண்டையும் பிரித்து வைத்தால் சண்டையே இல்லை.

கிணற்றுக்குப் புளீச்சிங் பவுடர் போட்டோமே, குடம்பி சாகாதா?

சாகாது. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடுகிற அளவு கிருமியைக் கொல்லும், குடம்பி அதில் சுகமாக நீந்தும்.

கழிவு ஒயில், மண்ணெண்ணெய்?

ஒயில் படலம் குடம்பியின் மூச்சை அடைக்கும், உண்மை. பனாமாக் கால்வாய் வெட்டியபோது மலேரியாவை மறிக்க இதையும் செய்தார்கள். ஆனால் நாங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற சனம். வளவில் ஊற்றிய ஒயில் மண்ணால் இறங்கி எங்கே போகும்? அதை விடுங்கள்.

மீன் விட்டால் என்ன?

நல்ல யோசனை, இடம் பார்த்து விட வேண்டும். கப்பி மீன் குடம்பியை விரும்பித் தின்னும், சேறான தண்ணீரிலும் சீவிக்கும், குட்டி போட்டுத் தானாகப் பெருகும். பாவிக்காத சீமெந்துத் தொட்டி, மாட்டுத் தொட்டி, ஆள் அள்ளாத கிணறு இவற்றுக்குப் பொருத்தம். குளத்திலும் வாய்க்காலிலும் கொண்டுபோய் விட வேண்டாம். வெளிமீன் உள்ளூர் மீனின் குஞ்சையும் முட்டையையும் தின்னும். எங்கள் வாய்க்கால்களிலேயே நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னுகிற ஒரு விரலளவு மீன் மேல்மட்டத்தில் திரியும். பொடியன்கள் போத்தலில் பிடித்து விளையாடுவது அதைத்தான். குடம்பி தின்பதில் அது கப்பிக்குச் சளைத்ததில்லை.

மருந்தும் மீனும் ஒன்றாக வேண்டாம், பி.ரி.ஐ. என்றால் பரவாயில்லை. மீனுக்குச் சோறு போட்டுக் கொழுக்க வைத்தால் அது குடம்பியைத் திரும்பியும் பாராது. ஒரு வீட்டுத் தாத்தா தினமும் பாண் பிய்த்துப் போட்டார். மீன் நன்றாக வளர்ந்தது. குடம்பியும் வளர்ந்தது.

மலேரியா ஒழிந்துவிட்டதே, கிணறு எல்லாம் ஏன் பார்க்கிறீர்கள்?

தொண்ணூறுகளில் வன்னியில் இருந்தவர்களுக்கு மலேரியா என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. நடுக்கம், போர்வைக்கு மேல் சாக்கு, குளோரோகுயின் குளிசையின் கைப்பு. இலங்கையில் உள்ளூர்த் தொற்று 2012 ஒக்டோபரோடு நின்றது, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்தது.

அதே வருடக் கடைசியில் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்கிற நுளம்பைக் கண்டார்கள். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புகிறது அதுதான். இதற்கு ஆற்றுக் குட்டை தேவையில்லை. கிணற்றிலும் கூரைத் தாங்கியிலும் பெருகும். அதாவது டெங்கு நுளம்பின் இடத்துக்கே வருகிறது. பிறகு யாழ்ப்பாணத்திலும் பிடிபட்டது. கிருமியோடு வெளிநாட்டிலிருந்து திரும்புகிற ஒருவரும் இந்த நுளம்பும் ஒரே வளவில் சந்தித்தால் பழைய கதை திரும்பத் தொடங்கலாம். அதனால்தான் கிணற்றுக்கு வலை, பாவிக்காத கிணற்றுக்கு மீன்.

உப்புத் தண்ணீர் என்பதாலும் நிம்மதியாக இருக்க முடியாது. கடலோரத்தில் சற்று உவர்த் தண்ணீரிலும் ஈடிஸ் குடம்பி வளர்வதை 2011 அளவில் யாழ்ப்பாணத்து ஆய்வுகள் காட்டின.

மலசலகூடக் குழியிலிருந்து இரவில் கூட்டமாக வருகிறதே?

அது கியூலெக்ஸ். காற்றுப்போகும் குழாயின் வாயில் வலைத் துண்டு கட்டுங்கள், குழி மூடியில் உள்ள வெடிப்பைச் சீமெந்தால் பூசுங்கள். ஒரு பின்னேர வேலை.

பக்கத்துக் காணிக்காரர் கனடாவில். அங்கே கிணறு, தொட்டி எல்லாம் திறந்து கிடக்கிறது. என்ன செய்வது?

முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு. படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரும்பாலானவர்கள் "நீங்களே பாருங்கோ, செலவைச் சொல்லுங்கோ" என்பார்கள். எங்கள் ஊரில் இரண்டு கிணற்றுக்கு வலை வந்தது அப்படித்தான். பதில் இல்லாவிட்டால் கிராம அலுவலர் மூலம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுத்தில் கொடுங்கள். நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. காணிச் சொந்தக்காரருக்கு அதில் பொறுப்பு உண்டு. கதவு உடைத்து உள்ளே போகிற வேலையை நீங்கள் செய்யாதீர்கள். காணிப் பிரச்சினை நுளம்பைவிட அதிக நாள் சீவிக்கும்.

எங்கள் ஊரிலும் தொடங்க வேண்டும். எப்படி?

பெரிய கூட்டம் வேண்டாம். பத்துப் பேர், ஆளுக்குப் பத்து வீடு, ஒரு ரோச் லைட், ஒரு வெள்ளைக் கோப்பை, ஒரு கொப்பி. பொம்பிளைகள் ஒருவராவது ஒவ்வொரு சோடியிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிணற்றடிக்கும் குசினிப் பக்கத்துக்கும் போக முடியாது.

கொப்பியில் எழுத வேண்டியது இரண்டு எண்: பார்த்த வீடு எத்தனை, அதில் குடம்பி இருந்த வீடு எத்தனை. உதாரணத்துக்கு 80 வீடு பார்த்து 12 இல் இருந்தால் 15 வீதம். இது ஐந்து வீதத்துக்கு மேல் போனால் டெங்கு பரவ வாய்ப்புக் கூட என்று பரிசோதகர்கள் எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பாத்திரத்தில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். எங்கள் ஊரில் முதல் மாரி முழுக்க ரயர் ரயர் என்று அலைந்தோம். கொப்பியைக் கூட்டிப் பார்த்தபோதுதான் மலசலகூடத் தொட்டி முந்தி நிற்பது தெரிந்தது.

வீட்டுக்காரரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லாதீர்கள். நாங்கள் ஒருமுறை சொன்னோம். அடுத்த கிழமை அந்த ஒழுங்கையில் ஐந்து படலைகள் பூட்டியிருந்தன.

மருந்து போட்டும் புழு இருக்கிறதே?

பி.ரி.ஐ. போட்டீர்களா, இருப்பது காற்புள்ளி மாதிரிக் கூட்டுப்புழுவா என்று பாருங்கள். அது தின்னாது என்று சொன்னேன் அல்லவா, அதனால் சாகவும் சாகாது. வடித்தோ கொட்டியோதான் எடுக்க வேண்டும். அளவு குறைந்திருக்கலாம், மருந்து வெயிலில் பழுதாகியிருக்கலாம், தொட்டியைக் கழுவும்போது மருந்தையும் சேர்த்து வெளியே கொட்டியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் நடக்கிறது. இது ஒன்றும் இல்லை என்றால் ஒரு போத்தலில் குடம்பியைப் பிடித்து பரிசோதகரிடம் கொடுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால்?

பரசிற்றமோல் மட்டும், நிறையக் குடிக்கக் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபெனக் போன்ற நோவு மருந்து வேண்டாம்; டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டவுடன் வயிற்று நோ, சத்தி, சோர்வு, கை கால் குளிர்தல் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு. 2017 இல் நாடு முழுக்க ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு டெங்கு சந்தேகிக்கப்பட்டது, நானூறுக்கும் மேல் இறந்தார்கள். காய்ச்சல் விட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

ஊரெல்லாம் தேடுகிறீர்கள். உங்கள் வீட்டில் பிடிபட்டதே இல்லையா?

பிடிபட்டது. போன கார்த்திகையில் கழகப் பொடியன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தொட்டி, பரல், பூச்சாடி, பீலி எல்லாம் சுத்தம். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அவன் நேரே குசினிக்குள் போய், பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, பின்னால் குனிந்து ரோச் அடித்தான். கீழே தண்ணீர் வடிகிற தட்டு. வாங்கிய நாளிலிருந்து நான் அதைக் கழற்றியதில்லை. இளஞ்சூடான தண்ணீர், தூசி, நெளிந்துகொண்டு முப்பது நாற்பது.

"என்ன எழுத?" என்று கொப்பியைக் காட்டிக் கேட்டான்.

எழுதடா என்றேன். எங்கள் ஒழுங்கையில் அந்தக் கிழமை குடம்பி இருந்த வீடு ஒன்றே ஒன்று.